நெருங்க வேண்டாம், தாழ்ந்து எடுங்கள்: மாதிரிக் கண்காட்சியில் கேமரா

கோவை கொடிசியா வளாகத்திலும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் கல்லூரி அரங்குகளிலும் நடக்கும் கண்காட்சிகளைப் படமெடுப்பது என் தொழில். லேத் ஓட்டும் கைகளும் ஃபவுண்டரியில் உலோகம் வார்ப்பதற்கான மர உருவை, அதாவது பேட்டர்னை, செதுக்கும் கைகளும் நிறைந்த ஊர் இது. அந்தக் கைகள் வேலை முடிந்த இரவுகளில் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்யும் சிற்றளவு மாதிரிகளுக்குக் கண்காட்சியில் நேரும் சேதம், நான் பார்த்தவரை, அவற்றை ரசித்துப் படமெடுக்க வந்தவர்களாலேயே நேர்கிறது.

யாரும் வேண்டுமென்று தொடுவதில்லை. மேட்டுப்பாளையம்–குன்னூர் மலை ரயில் பாதையைச் செய்து வைத்திருந்த ஒருவரின் மேசை மீது ஒருவர் குனிந்தார்; கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் கிளிப், பாலத்தின் கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. அவர் நிமிர்ந்தபோது நூல் பருமனே இருந்த அந்தப் பித்தளைக் கம்பி, எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறுவதற்காகத் தண்டவாளங்களுக்கு நடுவே பதித்திருந்த பற்சட்டத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்தது. ஆகவே மேசையருகே போகுமுன் அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கேமராப் பட்டையைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். செல்ஃபி ஸ்டிக்கை மாதிரிக்கு மேலே நீட்டவே வேண்டாம்.

நெருங்குவதால் படமும் கெடுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. லென்ஸ் எவ்வளவு அருகே போகிறதோ அவ்வளவுக்கு ஃபோகஸின் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம், சுருங்கும். எஞ்சின் முகப்பு தெளிவாகவும் இரண்டாம் பெட்டி மங்கலாகவும் விழுந்தால், பார்ப்பவர் கண் அதைப் பொம்மை என்று உடனே கண்டுகொள்ளும். சற்றுத் தள்ளி நின்று, லென்ஸ் துளையின் அளவைக் குறிக்கும் எஃப் எண்ணை (எண் கூடினால் துளை சிறுக்கும்) எஃப் 8 அல்லது எஃப் 11 வைத்து எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்வதே மேல். எஃப் 22 வரை போனால், சிறுத்த துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் படம் முழுவதுமே மழுங்கிவிடும். சென்சார் சிறியதாக இருப்பதால் செல்ஃபோனில் இந்த ஆழம் இயல்பாகவே கூடுதலாகக் கிடைக்கிறது.

நெருங்குவதற்குப் பதிலாகத் தாழ வேண்டும். ரயில் மாதிரிகளில் பரவலான 87இல் ஒரு பங்கு அளவில், ஐந்தரை அடி மனிதர் 2 சென்டிமீட்டர்கூட வரமாட்டார். நின்றபடி மேலிருந்து எடுத்தால் மொட்டைமாடியிலிருந்து ஊரைப் பார்த்த படமே கிடைக்கும். அந்தச் சின்ன மனிதரின் கண் மட்டத்துக்கு லென்ஸ் இறங்கினால்தான் பாலம் பாலமாக உயர்ந்து நிற்கும். ஃபோனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் மேசை விளிம்பை ஒட்டி வந்துவிடும். தடுப்புக் கயிற்றுக்கு இப்பால் நின்றே, ஜூம் லென்ஸில் இதைச் செய்ய முடியும்.

வீடியோவில் வரும் கருப்புப் பட்டைகளுக்குக் காரணம் அரங்கின் விளக்குகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை நொடியில் 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு என்று வைத்தால் பெரும்பாலும் அவை மறையும். ரயிலின் வேகமும் முக்கியம்: நிஜ ரயிலின் மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது 87இல் ஒரு பங்கு அளவில் நொடிக்கு 10 சென்டிமீட்டருக்கும் குறைவு. “ஏனுங்ணா, கொஞ்சம் மெதுவா ஓட்ட முடியுங்களா?” என்று கேட்டால் மறுப்பவரை நான் பார்த்ததில்லை. கண்ணாடிப் பெட்டி என்றால் ஃபிளாஷை அணைத்துவிட்டுச் சற்றுச் சாய்வாக எடுங்கள்.

எடுக்குமுன் செய்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முடிக்காத பகுதியையோ அடியில் ஓடும் வயரிங்கையோ வெளியிட வேண்டாம் என்று அவர் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். படத்தைப் பகிரும்போது அவர் பெயரையும் மாதிரியின் அளவு விகிதத்தையும் அவர் சொன்னபடியே எழுதுங்கள்.