கேஸ்ட்ரிக் குளிசையோடு நின்றுவிடாதீர்கள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பாமசிக்குப் போய் "கேஸ்ட்ரிக்" என்றால் போதும், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் குளிசை கைக்கு வந்துவிடும். என்னிடம் வருகிறவர்களில் பலர் அதை மாதக்கணக்கில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். எரிவு அடங்கிவிடுகிறது. ஏன் எரிகிறது என்று மட்டும் யாரும் தேடுவதில்லை. என் கவலையே அதுதான்.

அந்த எரிவுக்குப் பின்னால் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பற்றீரியா இருக்கலாம். இரைப்பை அமிலத்தில் கிருமி வாழாது என்றே மருத்துவ உலகமும் வெகுகாலம் நம்பியிருந்தது. இதுவோ யூரியாவை உடைத்து அமோனியாவை உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு சளிப்படலத்துக்குள் தங்கிவிடுகிறது. பெரும்பாலும் சிறுவயதில், வீட்டாரிடமிருந்தே தொற்றும். இதைக் கண்டறிந்த அவுஸ்திரேலியர்கள் பரி மார்ஷலுக்கும் ரொபின் வொரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1994இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதலாம் பிரிவில் சேர்த்துவிட்டது.

பயந்துவிட வேண்டாம். தொற்றிய 100 பேரில் ஒருவர் முதல் மூவருக்குத்தான் இரைப்பைப் புற்றுநோய் வருகிறது. அதற்கும் பல பத்தாண்டுகள் ஆகும்: முதலில் நாட்பட்ட அழற்சி, பிறகு சுரப்பிகள் தேய்தல், இரைப்பையின் உட்சுவர் குடலின் உட்சுவர் போல மாறுதல், அப்புறம்தான் புற்று. புகைத்தலும் உப்புக் கூடின சாப்பாடும் ஆபத்தைக் கூட்டும். சுவர் மாறத் தொடங்குமுன் கிருமியை ஒழித்தால் பலன் அதிகம்.

கண்டுபிடிக்க மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ போதும். ஆனால் அதற்கு முன் ஒமெப்ரசோலை 2 வாரமும் அன்டிபயோட்டிக்கை 4 வாரமும் விட்டிருக்க வேண்டும். குளிசை போட்டபடியே சோதித்து, "கிருமி இல்லை" என்ற அறிக்கையோடு நிம்மதியாக வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் நோகிறது. அந்த அறிக்கையை நம்ப முடியாது.

சிகிச்சை வழக்கமாக 14 நாள். வாய் கசக்கும், வயிறு குழம்பும், உண்மைதான். அதற்காக ஐந்தாம் நாள் நிறுத்தினால் மிஞ்சுகிற கிருமி மருந்துக்கு மசியாததாகிவிடலாம். முடித்து 4 வாரமாவது கழித்து மறுபடி சோதியுங்கள். இரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது; கிருமி போன பிறகும் அது இருப்பதாகவே காட்டக்கூடும்.

காரணமில்லாமல் மெலிவது, விழுங்கக் கஷ்டம், இரத்தச்சோகை, தார் போன்ற கறுப்பு மலம் இருந்தால் மூச்சுப் பரிசோதனையோடு நிற்காமல் கமரா பொருத்திய குழாயை விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கொப்பிக்குப் போங்கள். இரும்புச்சத்துக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால், போடுகிறவர்கள் அதையும் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.