பழைய பலகையில் தோட்டத்து மேசை: முதலில் மரத்தின் பூர்வீகத்தைப் பாருங்கள்

வெயிலிலும் மழையிலும் கிடந்து மேற்பலகை உளுத்துப்போன மேசைக்குப் பழைய மரம் போடுவது நல்ல யோசனை. கதவு, உத்தரம், தரைப்பலகை என்று பல ஆண்டுகள் வீட்டுக்குள் இருந்த மரம் நன்றாகக் காய்ந்து ஆட்டம் அடங்கியிருக்கும். ஆனால் அது முன்பு என்னவாக இருந்தது என்று தெரியாமல் தேய்க்கத் தொடங்கக் கூடாது. தேய்க்கும் தூசி மூக்கில் ஏறும். மரத்தில் தங்குவது சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் இருக்கும்.

ரயில் தண்டவாளக் கட்டை வேண்டவே வேண்டாம். அதில் ஏற்றிய கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் கடுவெயிலில் இன்றும் கசியும். பச்சை சாயல் ஓடும் வேலிக்கட்டை, தூண் மரங்களில் ஆர்செனிக் கலந்த பூச்சிமருந்து இருக்கலாம். வெயிலில் பச்சை வெளுத்துச் சாம்பல் நிறமான பிறகு கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பூர்வீகம் தெரியாத வெளிப்புற மரத்தை விட்டுவிடுங்கள். அடுப்பிலும் எரிக்காதீர்கள், புகையிலும் சாம்பலிலும் அதே நஞ்சுதான்.

சரக்கு அடுக்கும் பேலட் பலகையில் முத்திரையைத் தேடுங்கள். ‘ஹெச்.டி.’ (HT) என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியது. ‘எம்.பி.’ (MB) என்றால் மீதைல் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகை போட்டது, அதைத் தொட வேண்டாம். ஹெச்.டி. முத்திரை இருந்தும் எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ அடித்தால் அதுவும் வேண்டாம்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். சந்தேகம் இருந்தால் உலர்வாகத் தேய்க்கவோ சூடுகாட்டிச் சுரண்டவோ கூடாது. சோதித்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

அடுத்தது ஆணி. வலுவான காந்தத்தைப் பலகையின் இரு பக்கமும் மெதுவாக நகர்த்துங்கள். இழுக்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். தலை முறிந்த ஆணியைப் பின்பக்கமிருந்து தட்டி வெளியேற்ற வேண்டும். ஒரே ஒரு முறிந்த ஆணி போதும், இழைப்புளியின் வாய் போய்விடும்.

இனி மேசையின் சட்டம். கால் நுனி, மூட்டுகள், பழைய ஸ்க்ரூவைச் சுற்றிய இடம் மூன்றிலும் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் கெட்டி மரம் வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். புட்டி அடைத்து மறைப்பவர்கள் அதிகம். ஓரத்தில் விரிசல் விட்டு, உள்ளே தண்ணீர் தங்கி, அழுகல் முன்னைவிட வேகமாகப் பரவும். கால் நுனி இரண்டு செ.மீ. மட்டும் போயிருந்தால் நான்கு கால்களையும் அதே அளவு குறைப்பதுதான் சுலபம்.

மேற்பலகை 20 முதல் 25 மி.மீ. தடிமனும் 10 செ.மீ. அகலமும் போதும், 45 செ.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம். மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில் பருக்கும். 10 செ.மீ. பலகை மழைக்கும் கோடைக்கும் இடையே 1 முதல் 3 மி.மீ. வரை மாறும். இடைவெளி இல்லாமல் அடித்தால் முதல் மழையிலேயே ஒன்றையொன்று நெட்டித் தள்ளி, சட்டத்தின் மூட்டையே பிளக்கும். 5 மி.மீ. துண்டுக்கட்டை ஒன்றை இடையே வைத்துக்கொண்டு பலகைகளை அடுக்குங்கள்.

ஸ்க்ரூவை மேலிருந்து அடிக்காதீர்கள். ஒவ்வொரு ஸ்க்ரூ தலையும் தண்ணீர் நிற்கும் குழி. குறுக்குச் சட்டத்தின் அடியிலிருந்து ஏற்றுங்கள். சட்டம் 25, பலகை 22 மி.மீ. என்றால் 40 மி.மீ. நீளம், 4 மி.மீ. கனம் சரி. சட்டத்தில் 6 மி.மீ. துளை, பலகை அசைய அந்த இடம் வேண்டும். ஸ்க்ரூ தலைக்கடியில் வாஷர் போடுங்கள். பலகையில் 3 மி.மீ. துளை. மேலே பொத்துக்கொண்டு வராமலிருக்க, டிரில் பிட்டின் முனையிலிருந்து 40 மி.மீ. தள்ளி டேப் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்ற ரகம் போதும், கடலோரத்தில் 316. சாதா இரும்பு போட்டால் துருவோடு நிற்காது. மரத்தின் துவர்ச்சத்தோடு சேர்ந்து கருங்கறை ஓடும்.

உப்புத்தாள் 60, 80, 120 என்ற வரிசை. 120-ஓடு நிறுத்துங்கள், அதற்கு மேல் வழவழப்பாக்கினால் எண்ணெய் உள்ளே சரியாக இறங்காது. வார்னிஷ் பளபளக்கும்தான், ஆனால் வெயில் அதன் அடியிலுள்ள மரத்தைச் சிதைக்க, ஓர் இடத்தில் உரிந்தால் முழுவதையும் சுரண்டியாக வேண்டும். வெளி மேசைக்கு எங்கள் சிபாரிசு ஆளி விதை எண்ணெய் போன்ற மர எண்ணெய்தான். பூசி 15 நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள், இல்லையேல் பிசுபிசுக்கும். பலகை வெட்டிய முனைகளும் கால் நுனியும்தான் அதிகம் குடிக்கும். குடிப்பது நிற்கும்வரை மூன்று நான்கு தடவை கொடுங்கள்.

ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது சூடேறி, தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீரில் முக்குங்கள், அல்லது வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள்.

மறுபூச்சு எப்போது என்பதை மேசையே சொல்லும். நான்கைந்து சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் நாள் இருக்கிறது. சில நிமிடத்தில் ஊறி மரம் கறுத்தால் காயவிட்டு மறுபடி எண்ணெய் பூசுங்கள்.