தணிப்பான், வடிப்பான்: ஒலிவாங்கியின் இரு பொத்தான்களுக்குரிய சொற்கள்

ஒலிவாங்கியின் உடலிலோ அது இணைக்கப்படும் மிக்சர் என்னும் ஒலிக்கலப்புக் கருவியின் மேல்வரிசையிலோ அருகருகே இரண்டு சிறு பொத்தான்கள் இருப்பதுண்டு. ஒலியின் அளவைக் குறைக்கும் ஒன்றைப் பேட் என்றும், தாழ்ந்த அதிர்வுகளை நீக்கும் மற்றொன்றைச் சிலர் ஹை-பாஸ் என்றும் சிலர் லோ-கட் என்றும் சொல்கிறார்கள். மொரீசியசில் இதோடு பிரெஞ்சுப் பெயர்களும் சேர்ந்துகொள்கின்றன. இங்கே தமிழைப் பள்ளியிலும் கோயிலிலும் கற்று, வேலையிடத்தில் கிரியோலும் பிரெஞ்சும் பேசும் இளைஞர்தாம் பெரும்பாலும் மிக்சரின் முன் அமர்கிறார்கள். அவர்கள் முதற்பொத்தானை அத்தெனுவாத்தர் என்றும் இரண்டாவதைப் பாஸ்-ஓ அல்லது கூப்-பா என்றும் அழைக்கிறார்கள். கோயில் மண்டபம் ஒன்றில் தேவாரப் பதிவுக்கு உதவிக்கொண்டிருந்தபோது, "பாஸ்-ஓ போடு, தம்பி" என்று நான் சொல்ல, அத்தம்பி பக்கத்துப் பொத்தானை அழுத்திவிட்டார். ஓதுவாரின் குரல் திடீரென எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் ஆயிற்று. நான் நீக்க விரும்பிய மின்விசிறியின் உறுமலோ குரலோடு சேர்ந்து குறைந்ததேயன்றி, அதனிடமிருந்து பிரியவில்லை. தவறு அவருடையதன்று, சொல்லினுடையது என்று அன்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் இவ்விரு சொற்களையும் வேரிலிருந்து பார்க்க விரும்புகிறேன்.

பேட் என்னும் ஆங்கிலச் சொல் பதினாறாம் நூற்றாண்டில் படுப்பதற்கான வைக்கோல் கட்டைக் குறித்தது. பிறகு மெத்தென்ற அணை, அடியைத் தாங்கும் திண்டு என்று பொருள் விரிந்தது. ஒலியைச் சுமந்துவரும் மின் குறிப்பலையின் வேகமான அடியை ஓர் அணைபோல் தாங்கித் தணிக்கும் உறுப்புக்குத் தொலைபேசிப் பொறியாளர்கள் இப்பெயரை வழங்கினர். ஆனால் மெல்லிசைக் குழுக்களில் பேட் என்றால் குச்சியால் தட்டி வாசிக்கும் மின்னணுத் தாளக் கருவியென்றே நம்மவர் பொருள்கொள்வர். மேடையில் நின்று "பேட் போடுங்கள்" என்று கேட்டால் எதைத் தருவதென்று அவர்கள் திகைப்பது இயல்பே.

பிரெஞ்சில் வழங்கும் அத்தெனுவாத்தர் என்னும் சொல்லுக்கு மூலம், மெலிதாக்குதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வினை. அதில் உள்ள வேர், மெலிந்தது என்று பொருள்படும் வடமொழித் தனு என்பதோடு உறவுடையது. இதைப் பின்பற்றி மெலிப்பி என்று தமிழாக்கலாமே என்று தோன்றும். சொல்லும் அழகானதுதான். எனினும் இசைத்துறையில் அதைப் பயன்படுத்த நான் தயங்குகிறேன். ஏனென்றால் தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு என்பவை சுரங்களின் உயரநிலைகளான மூன்று தானங்கள், மெலிவு என்பது கீழ்த்தானத்தைக் குறிக்கும் சொல். ஒலியின் அளவைக் குறைக்கும் பொத்தானுக்கு மெலிப்பி என்று பெயரிட்டால், இசை கற்றவர் அது சுரத்தைக் கீழே இறக்கும் பொத்தான் என்று எண்ணக்கூடும்.

தணி என்னும் வினையில் இந்தச் சிக்கல் இல்லை. தாகம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது, முருகன் சினம் தணிந்த இடம் தணிகை. பொருள் அப்படியே இருக்க அதன் கடுமை மட்டும் குறைவதையே இவை அனைத்தும் சொல்கின்றன. தணிந்த குரலில் பேசினான் என்னும்போது அவன் வேறு சுரத்தில் பேசினான் என்று யாரும் கொள்வதில்லை. ஆகவே பேட் என்பதற்குத் தணிப்பான் என்பதே பொருந்தும் சொல் என்பது என் முடிவு.

அதன் வேலையும் அச்சொல்லுக்குள் அடங்குகிறது. டெசிபெல் என்பது அளவின் ஏற்றத்தாழ்வை விகிதமாகச் சொல்லும் அலகு. 10 டெசிபெல் தணிப்பான் குறிப்பலையின் மின்னழுத்தத்தை ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகவும், 20 டெசிபெல் தணிப்பான் பத்தில் ஒன்றாகவும் குறைக்கும். தாழ்ந்த அதிர்வு, உயர்ந்த அதிர்வு என்ற வேறுபாடு பாராமல் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறைக்கும். தைப்பூசத்தன்று தவிலுக்கும் நாதசுரத்துக்கும் ஒரு முழ தூரத்தில் ஒலிவாங்கியை வைத்தால் இது தேவைப்படும். குறிப்பலையை முதலில் பெரிதாக்கும் மிக்சரின் முன்பெருக்கி தாங்கும் அளவைக் குறிப்பலை மீறிவிட்டால் அலையின் தலை வெட்டுண்டு கரகரப்பாகிவிடும். அதற்குப் பின்னால் உள்ள, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கத் தள்ளும் நழுவியை எவ்வளவு இறக்கினாலும், கரகரப்பான ஒலியே மெதுவாகக் கேட்குமேயன்றிக் கரகரப்பு நீங்காது. அடிபிடித்த பாலில் தண்ணீர் ஊற்றினால் தீய்ந்த வாடை போகாததைப்போன்றது இது. எனவே தணிப்பான் பெருக்கிக்கு முன்னால் இருக்க வேண்டும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு: கண்டென்சர் வகை ஒலிவாங்கிக்குள்ளேயே சிறு மின்சுற்று ஒன்று இருப்பதால், அதுவே திணறினால் மிக்சரில் உள்ள தணிப்பான் உதவாது, ஒலிவாங்கியின் உடலில் உள்ளதைத்தான் அழுத்த வேண்டும். விழா முடிந்து மறுநாள் மெல்லிய குரலில் ஒருவர் ஓதும்போது அதை நீக்க மறந்துவிட்டால், பெருக்கத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். அத்துடன் பெருக்கியின் இரைச்சலும் கூடும்.

இரண்டாம் பொத்தானின் பெயர் இன்னும் ஆழமாகப் பார்க்கத் தக்கது. ஃபில்டர் என்பது கம்பளித் துணியைக் குறித்த இடைக்கால இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அத்துணியில் ஊற்றித்தான் நீர்மங்களை வடித்தார்கள். 1915 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஜார்ஜ் கேம்பெலும் ஜெர்மனியில் கார்ல் வில்லி வாக்னரும் தனித்தனியே மின்னலை வடிப்பான்களை உருவாக்கியபோது அந்தத் துணியின் பெயர் மின்சுற்றுக்கும் வந்தது. தமிழில் வடி என்னும் வேர் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. வடிப்பான் என்பதும் வடிகட்டி என்பதும் ஏற்கெனவே வழக்கில் உள்ளன.

ஆனால் வடிப்பான் என்று சொன்னதோடு வேலை முடியாது. எதை விடுகிறது, எதைத் தடுக்கிறது என்னும் கேள்வி எஞ்சுகிறது. நன்னூல் கடை மாணாக்கருக்குக் கூறும் உவமைகளில் நெய்யரி ஒன்று. அது நெய்யைக் கீழே விட்டுவிட்டு அழுக்கைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் பன்னாடை. பெயரோ விடப்படும் நெய்யின் பெயர். தேநீர் வடிகட்டியிலும் அப்படியே, நாம் குடிக்கப்போவதன் பெயரே நிற்கிறது. ஹை-பாஸ் என்பதும் பாஸ்-ஓ என்பதும் இந்த நெய்யரி முறையில் அமைந்தவை: உயர் அதிர்வுகளைக் கடக்கவிடுவது என்று பொருள். லோ-கட் என்பதும் கூப்-பா என்பதும் தடுக்கப்படும் தாழ் அதிர்வுகளைச் சொல்கின்றன. நான்கும் ஒரே பொத்தானின் பெயர்கள். ஒன்றில் உயர்வும் மற்றொன்றில் தாழ்வும் வருவதால் அவை இரு வேறு கருவிகள் என்று மயங்குவோரை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

எந்த முறையை ஏற்பது? மின்னியல் பாடத்துக்கு உயர் அதிர்வு கடத்தும் வடிப்பான் என்பது முழுமையானது. கோயில் மண்டபத்துக்கு நீக்கப்படுவதைச் சொல்லும் பெயரே உதவும், ஏனென்றால் அங்கே ஒருவர் பொத்தானைத் தேடுவது உறுமலைக் கேட்டபின்தான். தாழதிர்வு நீக்கி எனலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். அதைத் தாழ் நீக்கு என்று சுருக்கி எழுதினால் கதவைத் திறக்கச் சொல்வதாகிவிடும். அதனால் அடியதிர்வு நீக்கி என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

பெரும்பாலான கருவிகளில் இது 75 முதல் 100 ஹெர்ட்சுக்குக் (நொடிக்கு அத்தனை அதிர்வுகளுக்குக்) கீழே உள்ளவற்றைப் படிப்படியாகக் குறைக்கும். மேடை அதிர்வு, கைபட்ட சத்தம், வாயை ஒட்டிப் பாடும்போது சேரும் மிகையான கனம் ஆகியவற்றை இது அடக்கும். மொரீசியசின் மின்சாரம் 50 ஹெர்ட்சு என்பதால் இரீங்காரத்தின் அடிப்படையையும் சற்றுக் குறைக்கும். ஆயினும் 100, 150 ஹெர்ட்சில் எழும் அதன் மடங்குகள் தப்பிவிடுவதால் பழுதான இணைப்புக்கு இது மருந்தாகாது. கோர் தெ கார்த் மலைச்சரிவு போன்ற திறந்த வெளியில் காற்று நேராக ஒலிவாங்கியில் மோதுமானால், முதலில் பஞ்சு உறையைப் போட்டுவிட்டே இதைத் தொட வேண்டும். தவிலுக்கு இதை எச்சரிக்கையின்றிப் போடக்கூடாது. குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கத்தின் கனம் அந்த அடியதிர்வுகளில்தான் இருக்கிறது.

இப்போது எங்கள் மண்டபத்து மிக்சரில் ஒவ்வொரு வரிசையிலும் வெள்ளைப் பட்டை ஒட்டி, மேல்பொத்தானுக்கு எதிரே தணி என்றும் கீழ்ப்பொத்தானுக்கு எதிரே அடி நீக்கு என்றும் எழுதியிருக்கிறோம். எழுதியவர் அந்தத் தம்பிதான்.