இரண்டு இருக்கையில் ஆறு ஒலிகள்

கணினியிலிருந்து, சுற்றியுள்ள ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருக்கு, ஒலியை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் கேபிளை இழுத்த அன்று, முதலில் ஒரு படத்தை ஓட்டிப் பார்த்தேன். மழை என் முதுகுக்குப் பின்னால் பெய்தது. அந்த உற்சாகத்தில் படத்தை மூடிவிட்டு ஒரு கணினி விளையாட்டைத் திறந்தேன். பின்னாலிருந்து கேட்கவேண்டிய எதிரியின் காலடி ஓசை முன்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களிலேயே கேட்டது. அதே கேபிள், அதே ஸ்பீக்கர்கள். கேபிளைக் கழற்றி மாட்டினேன். அதன் நுனியை ஊதித் துடைத்தும் பார்த்தேன். கேபிள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

கணினிக்கு ஒலி என்பது எண்களின் வரிசை. ஒரு நொடிக்கு 48,000 முறை ஒலி அலையின் உயரத்தை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதிவைப்பது படங்களிலும் விளையாட்டுகளிலும் பரவலான வழக்கம். இதைச் சுருக்காமல் அப்படியே அனுப்பினால் அதற்கு பிசிஎம் என்று பெயர். இடம், வலம் என்று இரண்டு சேனலுக்கு (ஒரு ஸ்பீக்கருக்கான ஒலித்தடம் ஒரு சேனல்) நொடிக்கு 15.36 லட்சம் பிட் ஆகும். முன்னால் இடம், நடு, வலம், பின்னால் இரண்டு, ஆழ்ந்த ஒலிக்கான தாழ்வொலி ஒன்று என்ற 5.1 அமைப்பின் ஆறு சேனலுக்கு 46.08 லட்சம்.

ஒளி வழியே போகும் கேபிளுக்கு இது ஒரு சுமையா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் 1983-ல் தோஷிபா நிறுவனம் இந்த இணைப்பைக் கொண்டுவந்தது சிடி பிளேயருக்காக. அதில் ஓடும் எஸ்/பிடிஐஎஃப் முறையில் ஒலி சிறு சிறு சட்டங்களாகப் போகிறது. ஒவ்வொரு சட்டத்திலும் சரியாக இரண்டு இருக்கைகள், இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று. சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும் வண்டியில் இருக்கை இரண்டுதான்.

அப்படியானால் படத்தின் மழை எப்படிப் பின்னால் போனது? அங்கேதான் ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது. படத்தில் இருந்த ஒலி டால்பி டிஜிட்டல் முறையில் முன்பே சுருக்கப்பட்டது. ஒரு சேனலுக்கு 1,536 மாதிரிகளை (மேலே சொன்ன அளவுகளை), அதாவது 32 மில்லிநொடி ஒலியை, எடுத்து ஆறு சேனலையும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டுகிறார்கள். டிவிடியில் இதன் உச்ச வேகம் நொடிக்கு 448 கிலோபிட். அந்த வேகத்தில் ஒரு பொட்டலம் 1,792 பைட் ஆகிறது. அதே 32 மில்லிநொடியில் 16 பிட் ஸ்டீரியோ வண்டி 6,144 பைட் ஏற்றிச் செல்லும். ஆகவே பொட்டலத்தை அந்த இரண்டு இருக்கைகளிலேயே பிரித்து வைத்துவிட்டு, மிச்ச இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் எஃப்872, 4இ1எஃப் என்று பதினறும எண்ணில் இரண்டு அடையாளச் சொற்கள் இருக்கும். அவற்றைக் கண்டதும் ரிசீவர் இது ஒலி இல்லை, பொட்டலம் என்று புரிந்துகொண்டு கட்டை அவிழ்க்கிறது. அடையாளம் தெரியாத பழைய கருவி ஒன்று இதையே ஸ்டீரியோ ஒலியாக எண்ணி வாசித்தால், காதைப் பிளக்கும் இரைச்சல் வரும். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு சோதிப்பது நல்லது என்பதை நான் சுகமில்லாத வழியில் கற்றுக்கொண்டேன்.

இந்தப் பொட்டலத்தில் ஒரு பிட்டைக்கூடக் கணினி மாற்றக்கூடாது. ஒலியளவைக் குறைப்பது என்றால் எண்களை ஒரு பின்னத்தால் பெருக்குவது. பெருக்கினால் பொட்டலம் சிதைந்துவிடும். அதனால்தான் இப்படி நேரடியாகக் கடத்தும்போது கணினியின் வால்யூம் பட்டையை எவ்வளவு இழுத்தாலும் பயன் இருப்பதில்லை.

விளையாட்டின் கதை வேறு. காலடி எந்தத் திசையில் கேட்கவேண்டும் என்பது நான் திரும்பும் திசையைப் பொறுத்து அந்தக் கணத்தில் கணக்கிடப்படுகிறது. முன்கூட்டியே பொட்டலம் கட்டிவைக்க அங்கே யாரும் இல்லை. விளையாட்டு ஆறு சேனல் பிசிஎம்மைத் தரத் தயாராகவே இருந்தது. ஆனால் ஆப்டிகல் இணைப்பில் இரண்டுதான் ஏறும் என்று இயங்குதளம் சொல்லிவிட்டதால் எல்லாவற்றையும் இரண்டாகக் கலந்து அனுப்பியது. இதற்கு டால்பி டிஜிட்டல் லைவ், டிடிஎஸ் கனெக்ட் என்று உடனுக்குடன் பொட்டலம் கட்டும் வசதிகள் சில சவுண்ட் கார்டுகளில் உண்டு. ஆனால் ஒரு பொட்டலத்துக்கு வேண்டிய ஒலி, டால்பியில் 32 மில்லிநொடி, சேர்ந்த பிறகுதான் அதைக் கட்ட முடியும், எனவே ஒலி சற்றுப் பிந்துகிறது. படத்துக்கு அதைச் சரிக்கட்டலாம். துப்பாக்கி விளையாட்டில் எரிச்சலாக இருக்கும்.

படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கடத்தும் எச்டிஎம்ஐ இந்தத் தொல்லையை நேராகத் தீர்க்கிறது. படத்தின் வரிகளுக்கு இடையே கிடைக்கும் சிறு இடைவெளிகளில் ஒலியைச் செருகி, எட்டு சேனலைக்கூடச் சுருக்காத பிசிஎம்மாக அனுப்புகிறது. ஆனால் இதில் ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது. கேபிளை மாட்டியதும் மறுமுனையில் இருக்கும் கருவி, தன்னால் எத்தனை சேனல் வாங்கமுடியும் என்று ஒரு சிறு பட்டியலைக் கணினியிடம் நீட்டும். நடுவில் தொலைக்காட்சி இருந்தால், பல நேரங்களில் அது தன் சொந்த ஸ்பீக்கர்களை நினைத்து "இரண்டு" என்று சொல்லிவிடும். அதற்குப் பின்னால் ரிசீவர் இருப்பது கணினிக்குத் தெரியாது. கணினி, ரிசீவர், பிறகு திரை என்ற வரிசையில் இணைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது. தொலைக்காட்சியிலிருந்து ரிசீவருக்கு ஒலி திரும்பும் பழைய ஏஆர்சி தடத்தில் ஆறு சேனல் பிசிஎம் போகாது. 2017-ல் எச்டிஎம்ஐ 2.1-உடன் வந்த அதன் புதிய வடிவமான இஏஆர்சியில் போகும்.

கணினியின் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு துளைகளில் மூன்று ஒயர்களைச் செருகும் பழைய அனலாக் வழியும் வேலை செய்யும். நிறம் மாறாமல் செருகினால் போதும்.

எந்த வழியில் போனாலும் எண்களின் நெற்றியில் பெயர் எழுதியிருப்பதில்லை. எது எந்த ஸ்பீக்கருக்கு என்பதை வரிசைதான் சொல்கிறது, அந்த வரிசையோ ஆளுக்கொன்று. பிசிஎம்மைச் சேமிக்கும் வேவ் கோப்பில் முன் இடம், முன் வலம், நடு, தாழ்வொலி, பின் இடம், பின் வலம். டால்பி டிஜிட்டலில் இடம், நடு, வலம், பின் இரண்டு, கடைசியில் தாழ்வொலி. இடையில் ஒரு மென்பொருள் இதை மாற்றி அடுக்க மறந்தால், நாயகனின் வசனம் வலது மூலையிலிருந்து வரும். இதைவிட அடிக்கடி நடப்பது இன்னொன்று: இருப்பது இரண்டு ஸ்பீக்கர், கணினியிலோ 5.1 என்று அமைத்திருக்கும். வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருப்பதால், இல்லாத ஸ்பீக்கருக்கு அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடும். இசை முழங்கும், உதடுகள் அசையும், பேச்சு மட்டும் கேட்காது. ஸ்டீரியோ என்று அமைப்பை மாற்றினால், நடு ஒலியைச் சுமார் 3 டெசிபல் குறைத்து இரு பக்கமும் பகிர்ந்து கலப்பது வழக்கம். அப்படிக் கலக்கும்போது தாழ்வொலி சேனலைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் இருப்பதால் முழுச் சேனலாக எண்ணப்படாமல் "புள்ளி ஒன்று" ஆன சேனல் அது.

கடைசியில் நான் எச்டிஎம்ஐக்கு மாறினேன். மாறியதும் இயங்குதளத்தில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி, ஆறு ஸ்பீக்கரும் தத்தம் முறை வரும்போது ஒலிக்கிறதா என்று பார்த்தேன். ஆப்டிகலில் இருந்தபோது அதே பொத்தான் எனக்கு இரண்டு ஸ்பீக்கர் படத்தை மட்டும்தான் காட்டியிருந்தது. நோய் அங்கேயே எழுதியிருந்தது, நான்தான் கேபிளை ஊதிக்கொண்டிருந்தேன்.