கரடுமுரடு வண்டியின் இன்ஜின்: பிரித்துக் கட்டுவதா, மாற்றிப் பொருத்துவதா?

மலைப்பாதையிலும் ஆற்றுப்படுகையிலும் பல ஆண்டுகள் ஓடிய நான்கு சக்கர இழுவை வண்டி ஒன்று நீலப் புகை தள்ளவும், ஆயில் குடிக்கவும், ஏற்றத்தில் திணறவும் தொடங்கும்போது, உரிமையாளர் இரண்டு வெவ்வேறு குறைகளை ஒன்றாகவே உணர்கிறார். இன்ஜினுக்கு முன்பு இருந்த வலு இப்போது இல்லை என்பது ஒன்று. இருந்த வலுவும் தனக்கு ஒருபோதும் போதவில்லை என்பது மற்றொன்று. முதலாவது தேய்மானத்தால் வருவது. பிரித்துக் கட்டினால் தீரும். இரண்டாவதற்கும் தேய்மானத்திற்கும் தொடர்பு இல்லை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எடுக்கப்படும் முடிவுகளே பெரும்பாலும் பாதியில் நின்றுபோன வண்டிகளாகக் கொட்டகைகளில் கிடக்கின்றன.

தேய்மானம் எங்கே, எப்படி நிகழ்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். பிஸ்டன் மேலே சென்று திரும்பும் கணத்தில் அதன் வேகம் சுழியாகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையமான ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள ஆயில் படலம் அசைவினால்தான் நிலைத்திருக்கிறது. அசைவு நின்றதும் அது மெலிகிறது. எரிதலின் அழுத்தமும் வெப்பமும் உச்சத்தில் இருப்பதும் அதே இடத்தில்தான். எனவே சிலிண்டர் மேல்பகுதியில் அதிகமாகவும் கீழே குறைவாகவும் தேய்ந்து, சற்றே புனல் வடிவம் கொள்கிறது. பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு சாய்ந்த நிலையில் தள்ளுவதால் பிஸ்டன் பக்கவாட்டுச் சுவரில் அழுந்தி, வட்டமாக இருந்த துளை நீள்வட்டமாகவும் மாறுகிறது. ஏர் ஃபில்டரின் விளிம்பில் நுண்ணிய இடைவெளி இருந்தாலே போதும். உள்ளே புகும் மணல் தூள் ஆயிலோடு கலந்து உப்புத்தாள்போல் சுவரை அராவிவிடும். புழுதியில் ஓடும் வண்டிகளின் ரிங்குகள் நெடுஞ்சாலை வண்டிகளின் ரிங்குகளைவிட விரைவில் ஓய்வு பெறுவதற்கு இதுவே முதற்காரணம்.

ஆயினும் புகையைப் பார்த்து மட்டும் இன்ஜினை இறக்கிவிடக்கூடாது. முதலில் அளந்து பார்க்க வேண்டும். சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையில் நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் இன்ஜின் பொதுவாக 10 பார் அழுத்தத்தை ஒட்டியும், டீசல் இன்ஜின் 25 முதல் 35 பார் வரையும் காட்டும். எண்ணைவிட முக்கியமானது சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடு. பெட்ரோல் இன்ஜினில் அழுத்தம் குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஆயில் ஊற்றி மீண்டும் சோதிக்கும்போது அழுத்தம் ஏறினால், அந்த ஆயில் தற்காலிகமாக அடைத்த கசிவு ரிங்கில் இருந்தது என்று பொருள். ஏறாவிட்டால் வால்வையோ, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டின் அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும். வெளியிலிருந்து அழுத்தக் காற்றைச் செலுத்தும் கசிவுச் சோதனை இன்னும் தெளிவானது. சீறல் ஒலி ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங், சைலன்சர் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழிகள் எழுந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் வெடிப்பு. வால்வு மட்டுமே குற்றவாளி என்று தெரிந்தால், முழு இன்ஜினையும் தொடாமல் ஹெட்டை மட்டும் கழற்றிச் சரிசெய்யலாம். பிரித்துக் கட்டுவதா, மாற்றுவதா என்ற கேள்வியே அங்கு எழாது.

பிரித்துக் கட்டும் வேலை உண்மையில் இழந்த வடிவத்தை மீட்கும் வேலையாகும். தேய்ந்து கோணலான துளையை 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிதாக்கி மீண்டும் வட்டமாக்குகிறார்கள். அதற்கேற்ற பெரிய பிஸ்டன்கள் போடப்படுகின்றன. பிறகு ஹானிங் கல்லால் சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் இடப்படுகின்றன. ஆயில் அந்தக் கோடுகளில் தங்கித்தான் ரிங்குக்குப் படுக்கையாகிறது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட்டின் தேய்ந்த பகுதிகளைச் சாணைபிடித்துச் சிறிதாக்கி, அந்த அளவுக்குத் தடித்த பேரிங்குகள் பொருத்தப்படுகின்றன. அங்கே விடப்படும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகள் மட்டுமே. அது கூடினால் ஆயில் அழுத்தம் விழும். குறைந்தால் பேரிங் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். இப்படித் துளையைப் பெரிதாக்கி ரீபோர் செய்த இன்ஜின் முன்னைவிடப் பலசாலியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. 90 மில்லிமீட்டர் துளையை 90.5 ஆக்கினால் கொள்ளளவு கூடுவது ஏறத்தாழ 1.1 சதவீதம்தான். இன்ஜின் பிறந்தபோது இருந்த வலு திரும்ப வரும். அதற்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை.

அப்படியானால் பிறந்தபோதே வலு போதவில்லை என்பவருக்கு என்ன விடை? இங்கே ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் ஓர் எளிய இன்ஜினை எடுத்துக்கொள்வோம். முதல் கியர் 4 மடங்கு, முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்கியர் 2.5 மடங்கு, ஆக்சில் 4 மடங்கு என்றால் மொத்தம் 40 மடங்கு. உராய்வு இழப்பை விட்டுவிட்டால் சக்கரங்களுக்கு 8,000 நியூட்டன் மீட்டர் சேருகிறது. சக்கரத்தின் ஆரம் 0.4 மீட்டர் எனில் தள்ளுவிசை 20,000 நியூட்டன். 2,000 கிலோ எடையுள்ள வண்டி, உராய்வெண் 0.7 உள்ள உலர்ந்த பாறையில் நிலத்தைப் பற்றிக்கொள்ளக்கூடிய உச்ச விசையோ ஏறத்தாழ 13,700 நியூட்டன்தான். சேற்றில் அதைவிடப் பல மடங்கு குறைவு. அதாவது, தாழ்கியரில் இந்தச் சாதாரண இன்ஜினே சக்கரங்களை வழுக்கிச் சுழலவைக்கப் போதுமானது. இரண்டாம் உலகப் போர்க் கால வில்லிஸ் ஜீப் 2.2 லிட்டர் இன்ஜினும் சுமார் 60 குதிரைத்திறனும் கொண்டே போர்க்களங்களின் சேற்றையும் மேட்டையும் கடந்ததன் ரகசியமும் கியரில்தான் இருந்தது.

பெரிய டயர் மாட்டிய பிறகு வண்டி சோம்பிவிட்டது என்ற புகாரும் இதே வகையைச் சேர்ந்தது. ஆரம் 0.35 மீட்டரிலிருந்து 0.42 ஆக உயர்ந்தால், நிலத்தைத் தள்ளும் விசை ஆறில் ஒரு பங்கு குறைகிறது. ஆக்சில் விகிதத்தை 4.0-லிருந்து 4.8 ஆக மாற்றினால் இழந்தது அப்படியே திரும்பிவிடும். இன்ஜினைத் தொட வேண்டியதே இல்லை. நெடுஞ்சாலை வேகம்தான் குறை என்றால் நிலைமை வேறு. காற்றுத்தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் உயர்வதால், மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்வதற்குத் தேவைப்பட்டதைப் போல 110-இல் 2.6 மடங்கு வேண்டும். பெட்டிபோல் உயர்ந்து நிற்கும் வண்டிக்கு அந்தத் திறனைக் கியரால் உருவாக்க முடியாது. அங்கே பெரிய இன்ஜினுக்கு நியாயம் உண்டு.

ஆனால் பெரிய இன்ஜின் தனியாக வந்து உட்காருவதில்லை. முறுக்குவிசை இரட்டிப்பானால், வழுக்கும் தரையில் அந்த மிகுதி வீணாகச் சுழன்று போகும்; ஓர் ஆக்சிலின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலப் பூட்டும் டிஃபரென்ஷியல் லாக் போட்ட நிலையில் ஒரே ஒரு சக்கரம் பாறைப் பிளவில் சிக்கிக்கொண்டால், அந்த ஆக்சிலின் முழு விசையும் அந்த ஒரு பக்கத் தண்டின்மேல் இறங்கி அதை முறுக்கி ஒடித்துவிடும். கிளட்ச், கியர்பாக்ஸ், யுனிவர்சல் ஜாயின்ட், ஆக்சில் தண்டு என்று ஒவ்வொன்றாக அடுத்த பலவீனமான கண்ணி வெளிப்படும். புதிய இன்ஜினைப் பழைய கியர்பாக்ஸுடன் இணைக்கும் இடைத்தகடு இரண்டின் சுழல்மையங்களையும் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டருக்குள் நேர்கோட்டில் நிறுத்தாவிட்டால், கியர்பாக்ஸின் முன்பேரிங் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே ஓலமிடத் தொடங்கும்.

இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பை நான் இன்னும் பெரிய பொறியாகக் கருதுகிறேன். சமதளச் சாலைக்காக வடிவமைத்த காரின் இன்ஜினை 35 பாகைச் சரிவில் நிறுத்தினால், 30 சென்டிமீட்டர் நீளச் சம்ப்பின் இரு முனைகளுக்கும் இடையே ஆயில் மட்டத்தின் சாய்வு 21 சென்டிமீட்டராகிறது. உறிஞ்சுகுழாய் உயர்ந்த முனையில் அமைந்திருந்தால் அது ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். குறைந்த சுழற்சியில் மிகுந்த சுமை தாங்கும் அந்த ஏற்றத்தில்தான் பேரிங்கின் ஆயில் படலம் ஏற்கெனவே மிக மெல்லியதாக இருக்கிறது என்பதால், சில நொடிகள் போதும், பேரிங் போய்விடும். வெப்பமும் அப்படியே. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளிர்விக்கும் நீரில் சேர்கிறது; நடைவேகத்தில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு எதிர்காற்று கிடையாது என்பதால், அத்தனை வெப்பத்தையும் மின்விசிறி ஒன்றே வெளியேற்ற வேண்டும். புதிய இன்ஜின்கள் கணினியையும் சென்சார்களையும் சாவியிலுள்ள திருட்டுத்தடுப்பு மின்னணுக் குறியையும் நம்பியே இயங்குவதால், வயரிங் முழுவதையும் கழற்றிக் கொண்டுவராதவர் அதற்காகப் பல வாரங்களைச் செலவிட நேரும்.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றுவதே சரியாகும் தருணங்கள் உண்டு. சிலிண்டர்கள் அமைந்த உடலான பிளாக்கில் விரிசல் விழுந்திருந்தாலோ, துளை கடைசி அளவுவரை பெரிதாக்கப்பட்டு, உள்ளே புதிய உறையான லைனர் போடவும் வழியில்லாமல் இருந்தாலோ, பிஸ்டனும் பேரிங்கும் சந்தையில் கிடைக்காமல் போனாலோ விவாதத்திற்கு இடமில்லை. செங்குத்துச் சரிவில் மிதவைக் கிண்ணம் வழிந்து நின்றுபோகும் கார்புரேட்டர் இன்ஜினுக்குப் பதில் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜினைப் பொருத்துவதிலும் தெளிவான ஆதாயம் உண்டு. அப்போதும் அதே வண்டிக்கு அதே உற்பத்தியாளர் வேறொரு மாடலில் கொடுத்த இன்ஜினைத் தேடுவதே அறிவுடைமை. மவுண்ட், சம்ப், கியர்பாக்ஸ் இணைப்பு ஆகியவற்றுக்கான கணக்கைத் தொழிற்சாலையே போட்டு வைத்திருக்கும். இன்ஜின் எண் பதிவுச் சான்றிதழில் இடம்பெறும் நாடுகளில், புகை விதிகளும் அந்த எண்ணோடு பிணைந்திருக்கக்கூடும் என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டறிய வேண்டும்.

இறுதியாக, மாற்றாக வரும் பழைய இன்ஜினும் தேய்ந்ததுதான். பழையதில் செய்த கம்ப்ரெஷன் சோதனையை அதிலும் செய்து, சம்ப்பைக் கழற்றி ஒரு பேரிங்கையாவது திறந்து பார்க்காமல் பணம் கொடுப்பவர், இன்ஜினை மாற்றிய செலவோடு பிரித்துக் கட்டும் செலவையும் சேர்த்தே கொடுக்க நேரிடலாம்.