ஸ்டென்ட் வைத்தவர் பல் பிடுங்கப் போகும்போது

"டாக்டர், பல் பிடுங்கணும். அந்த ரத்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்தட்டும்?" இதய ரத்தக் குழாய் அடைப்பைத் திறந்து வைக்க ஸ்டென்ட் எனும் உலோக வலைக் குழாய் வைத்தவர்கள் அடிக்கடி கேட்பது இது. கேட்பவர்களைப் பற்றிக் கவலையில்லை. கேட்காமலே நிறுத்திவிட்டு, சில நாள் கழித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்டென்டில் ரத்தம் கட்டாமலிருக்கக் கொடுக்கும் அந்த மாத்திரை ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. அது வேலை செய்யும் இடம் பிளேட்லெட் எனும் தட்டணு. ஒவ்வொரு தட்டணுவின் மேலும் ஒட்டிக்கொள்வதற்கென்றே ஏறத்தாழ 80,000 இன்டெக்ரின் புரதங்கள் உண்டு. சும்மா இருக்கும் நேரத்தில் அவை குந்தியிருக்கும் ஆள் மாதிரி மடங்கிக் கிடக்கும். ரத்தம் கட்ட உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் பக்கத்திலேயே ஓடினாலும் பிடிக்காது. பிடித்தால் உடம்பு முழுக்க அடைப்புத்தான்.

ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, அதற்கடியில் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளியே தெரிந்தால் நிலைமை மாறும். அதைத் தொட்ட தட்டணு ஏடிபி, த்ராம்பாக்சேன் என்ற சேதி சொல்லும் வேதிப்பொருள்களை வெளியே விடும். ஏடிபி போய்ப் பக்கத்துத் தட்டணுவின் பி2ஒய்12 என்ற, சேதி வாங்கும் ஏற்பியில் உட்காரும். அதுவரை தட்டணுவை அடக்கி வைத்திருந்த சைக்ளிக் ஏஎம்பி என்ற வேதிப்பொருள் உள்ளே குறையும். கடைசியில் டாலின் என்ற புரதம் இன்டெக்ரினின் உட்பக்க வாலைப் பற்றும். வெளியே மடங்கிக் கிடந்தது நிமிரும். நிமிர்ந்தது ஃபைப்ரினோஜனின் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையை இன்னொரு தட்டணு பிடிக்க, ரத்தக்கட்டி வளரும். பிடி கிடைத்த சேதி திரும்ப உள்ளே போகும். தட்டணு பரவி இன்னும் இறுக்கும்.

ஸ்டென்ட் வைக்கும்போது குழாயை விரிக்கும் பலூன் உட்சுவரைக் காயப்படுத்தத்தான் செய்கிறது. மேலே புதுப்படலம் மூடும்வரை உலோகமும் ரத்தத்தில் பட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் இரண்டு மருந்து: ஆஸ்பிரின் த்ராம்பாக்சேனை நிறுத்துகிறது, குளோபிடோக்ரெல் பி2ஒய்12-ஐ அடைக்கிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, அடைபட்டதற்குப் பதில் புது ஏற்பி செய்துகொள்ள முடியாது. ஆனால் அதன் ஆயுளே 7 முதல் 10 நாள். நீங்கள் மாத்திரையை விட்டால், தினமும் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஏற்பி திறந்த புதிய தட்டணுக்கள் வந்துகொண்டே இருக்கும். 'நாலு நாள்தானே' என்பது அவ்வளவு சின்ன விஷயமில்லை.

இன்டெக்ரினையே நேராக அடைத்தால் என்ன? டைரோஃபிபான் ஊசி அதைத்தான் செய்கிறது. நம்மூர் சுருட்டை விரியன் இனத்தின் விஷத்திலுள்ள ஒரு புரதத்தைப் பார்த்து வடிவமைத்தது அது! ஆனால் அதே வேலைக்கு மாத்திரைகள் செய்து பார்த்தபோது மரணம் கூடியது. மருந்து போய் ஒட்டியதே உள்ளே சேதி அனுப்பியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

சரி, பல் விஷயம். ஓரிரு பல் எடுக்கப் பெரும்பாலும் எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டியதில்லை. பஞ்சைக் கடித்து அழுத்துவது, தேவைப்பட்டால் ஒரு தையல், இவற்றிலேயே ரத்தம் நின்றுவிடும். ஸ்டென்ட் வைத்த தேதியைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பெரிய அறுவை சிகிச்சை என்றால் இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவெடுக்கட்டும். தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுவோம்.

அப்புறம், வயிற்றெரிச்சலுக்கு மருந்துக்கடையில் நீங்களாக ஒமிப்ரசோல் வாங்காதீர்கள். குளோபிடோக்ரெலைக் கல்லீரல் மாற்றித் தந்தால்தான் அது வேலை செய்யும். ஒமிப்ரசோல் அந்த மாற்றத்தைக் குறைக்கும். அதற்குப் பதில் பேன்டோபிரசோல் எழுதித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.