மழலை வயதில் கவனம்: எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

மூன்று வயதுக் குழந்தை கதை கேட்கும்போது பாதியில் எழுந்து ஓடினால் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஐந்து வயது நிறைந்த பிறகும், கூட இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் கதை முடியும்வரை உட்கார்ந்திருக்க, ஒரு குழந்தையால் மட்டும் நாள் தவறாமல் அது முடியவில்லை என்றால் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. இடைப்பட்ட அந்த இரண்டு ஆண்டுகளில்தான் பெற்றோர் மிகவும் குழம்பிப் போகிறார்கள். "துறுதுறுன்னு இருக்கான், பள்ளிக்கூடம் போனா சரியாயிடும்" என்று ஒரு பக்கம் ஆறுதல் வருகிறது. "இவனுக்கு ஏதோ கோளாறு" என்று மறுபக்கம் முத்திரை விழுகிறது. இரண்டுமே குழந்தையைச் சரியாகப் பார்க்காமல் சொல்லப்படுபவை என்றே நான் நினைக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு, கவனம் மூளையில் எப்படி வளர்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே முறை.

மைக்கேல் போஸ்னர், ஸ்டீவன் பீட்டர்சன் ஆகிய அறிவியலாளர்கள் 1990-இல் முன்வைத்த விளக்கத்தின்படி, கவனத்தை மூன்று நரம்பு வலையமைப்புகள் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று நம்மை விழிப்போடு வைத்திருக்கிறது; இன்னொன்று சத்தம் வந்த பக்கமோ அசைவு தெரிந்த பக்கமோ நம்மைத் திருப்புகிறது; மூன்றாவது, போட்டியிடும் பல தூண்டல்களுக்கு நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை அடக்கி, கையில் உள்ள வேலையில் நம்மை நிறுத்துகிறது. முதல் இரண்டும் கைக்குழந்தைப் பருவத்திலேயே நன்றாக இயங்கத் தொடங்கிவிடுகின்றன. மூளையின் முன்பகுதியைப் பெரிதும் சார்ந்திருக்கும் மூன்றாவது வலையமைப்புதான் மெதுவாக வளர்கிறது. ஏறத்தாழ இரண்டு வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையே அது வேகமெடுக்கிறது.

இந்த வளர்ச்சியைக் கண்ணால் காண எந்தக் கருவியும் வேண்டியதில்லை. அங்கன்வாடிகளில் விளையாடும் எளிய விளையாட்டு ஒன்றே போதும். டீச்சர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, பறப்பதற்கு மட்டும் பிள்ளைகள் கையைத் தூக்க வேண்டும். "காக்கா பறக்கும்" என்றதும் எல்லாக் கைகளும் மேலே போகும். "மைனா பறக்கும்", மறுபடியும் மேலே. அதே வேகத்தில், அதே ராகத்தில், "காட்டுமாடு பறக்கும்" என்று டீச்சர் சொல்லும்போது முகங்களைப் பார்க்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் கையைத் தூக்கிவிட்டு, மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துத் தாங்களும் சிரிப்பார்கள். நான்கு வயதுப் பிள்ளையின் கை பாதி உயர்ந்து, அந்தரத்தில் நின்று, இறங்கும். ஐந்து வயதில் தோள் சற்றே அசையும். கை மடியை விட்டு எழாது. காட்டுமாடு பறக்காது என்பது மூவருக்கும் தெரியும். தெரிந்ததைக் கொண்டு, கிளம்பிவிட்ட கையை நிறுத்துவதுதான் வயதோடு வரும் திறன்.

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு, அதாவது ஏ.டி.எச்.டி., இந்த நிறுத்தும் திறன் வயதுக்குரிய அளவில் வராத நிலையை உள்ளடக்கியது. உலக அளவில் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. இது கைபேசிக் காலத்தில் தோன்றியதும் அல்ல. ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902-லேயே லண்டனில் ஆற்றிய உரைகளில் இத்தகைய பிள்ளைகளை விவரித்திருக்கிறார். மூளையின் மேலடுக்கான மூளைப்புறணியின் தடிமன் வயதோடு எப்படி மாறுகிறது என்பதைத் தொடர் ஸ்கேன்கள் மூலம் கவனித்து 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, அந்தத் தடிமன் உச்சத்தை எட்டும் இடைநிலை வயது மற்றப் பிள்ளைகளிடம் ஏழரை ஆகவும், ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளிடம் பத்தரை ஆகவும் இருப்பதைக் கண்டது. தாமதம் மிகுதியாகத் தெரிந்தது முன்மூளையில். குழந்தை வேண்டுமென்றே அடம்பிடிக்கிறது என்று எண்ணிக் கையை ஓங்குவதற்கு முன் ஒவ்வொரு பெரியவரும் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அப்படியானால் அடையாளங்கள் எவை? ஓடுவதையோ குதிப்பதையோ வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. நலமான குழந்தை நாள் முழுவதும் ஓடும். தனக்குப் பிடித்த விளையாட்டில்கூட ஓரிரு நிமிடம் தங்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவது, முறை வரும்வரை காத்திருக்கவே இயலாமல் தள்ளுவது, பலமுறை சொல்லியும், ஒருமுறை அடிபட்டும், சாலைக்குள்ளோ தேயிலைச் சரிவின் விளிம்புக்கோ யோசிக்காமல் பாய்வது, இதனாலேயே மற்றப் பிள்ளைகள் விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குவது ஆகியவை சேர்ந்து வரும்போதுதான் பொருள் பெறுகின்றன. அவை ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும்; வீட்டில் மட்டுமோ அங்கன்வாடியில் மட்டுமோ இல்லாமல் இரண்டு இடங்களிலும் தெரிய வேண்டும்; குழந்தையின் அன்றாட வாழ்க்கையைக் கெடுப்பதாகவும் இருக்க வேண்டும். நான்கு வயதுக்கு முன் இவற்றை இயல்பான துறுதுறுப்பிலிருந்து பிரித்தறிவது கடினம் என்று மருத்துவ வரையறைகளே சொல்கின்றன. இன்னொரு வகைக் குழந்தையையும் மறந்துவிடக் கூடாது: யாருக்கும் தொந்தரவு தராமல், சொன்னது காதில் விழாததுபோல மூலையில் அமைதியாக இருக்கும் பிள்ளை. இவர்கள், குறிப்பாகப் பெண் குழந்தைகள், பள்ளியில் எழுத்து வேலை கூடும்வரை யார் கண்ணிலும் படுவதில்லை.

"போனைக் கொடுத்தா ஒரு மணி நேரம் அசையாம இருக்கான், அவனுக்கா கவனம் இல்ல?" என்று தாத்தா பாட்டிகள் கேட்பது நியாயமான கேள்விதான். கைபேசியில் சில விநாடிக்கு ஒருமுறை படம் மாறுகிறது, சத்தம் மாறுகிறது, விரல் பட்டவுடன் பலன் கிடைக்கிறது. அங்கே கவனத்தை இழுத்துப் பிடித்திருப்பது திரை. குழந்தையின் மூன்றாவது வலையமைப்புக்கு அங்கே அதிக வேலையில்லை. பாசி மணி கோப்பதிலோ, சட்டைப் பொத்தானைப் போடுவதிலோ எவ்வளவு நேரம் நிலைத்திருக்கிறது என்பதே அதன் உண்மையான அளவைக் காட்டும். இரண்டு முதல் நான்கு வயதுவரை உள்ளவர்களுக்குத் திரை நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது.

ஒப்பிடும்போது வயதை மாதக் கணக்கில் பார்க்க வேண்டும். ஒரே அறையில் இருக்கும் இரு பிள்ளைகளுக்கு இடையே பத்துப் பதினோரு மாத வித்தியாசம் இருக்கலாம். நான்கு வயதில் அது வாழ்நாளின் ஐந்தில் ஒரு பங்கு. அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐச் சேர்க்கை எல்லையாகக் கொண்ட மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்து வகுப்பிலேயே இளையவர்களாக இருந்த பிள்ளைகள், செப்டம்பரில் பிறந்து மூத்தவர்களாக இருந்தவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஏ.டி.எச்.டி. என்று கண்டறியப்பட்டிருந்ததை 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

வேறு காரணங்கள் கவனக் குறைவைப் போலவே தோற்றம் காட்டும் என்பதுதான் நீலகிரி மலைப்பகுதியில் மிக நுணுக்கமாகப் பார்க்க வேண்டியது. முதலில் காது. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுச்செவியில் நீர் தங்கிவிடுவதுண்டு. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, கேட்கும் திறன் மட்டும் வாரக்கணக்கில் மங்கியும் தெளிந்தும் மாறிக்கொண்டிருக்கும். அருகில் நின்று உரக்கச் சொன்னால் கேட்கும் குழந்தைக்கு, கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து ஆடி மழை தகரக் கூரையில் கொட்டும்போது அறையின் மறுகோடியிலிருந்து டீச்சர் சொல்வது கேட்காது. கேட்காத பாட்டில் எந்தக் குழந்தையும் உட்கார்ந்திருக்காது. அடுத்தது மொழி. வீட்டில் படுக மொழியோ பணியர் மொழியோ மட்டும் பேசி வளர்ந்த பிள்ளை, தமிழில் சொல்லப்படும் கட்டளையைக் கேட்டு மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தால், அது பின்தங்குவதற்குக் காரணம் கவனம் அல்ல. அதன் தாய்மொழியிலேயே அந்தக் கட்டளையைச் சொல்லிப் பார்த்தால் விடை அப்போதே தெரிந்துவிடும்.

அதன்பின் இரத்தம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. கவனத்துக்கும் தூண்டுதலுக்கும் இன்றியமையாத டோபமின் என்னும் வேதிப்பொருள் மூளையில் உருவாக இரும்புச்சத்து தேவை. அது குறைந்த குழந்தை சோர்ந்தும் இருக்கலாம், எரிச்சலோடு நிலைகொள்ளாமலும் இருக்கலாம். தேயிலை விளையும் ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஒரு தம்ளர் டீயும் வர்க்கியும் கொடுப்பது வழக்கமாகவே இருக்கிறது. சாப்பாட்டோடு குடிக்கும் டீ, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது என்பதால், இந்த ஒரு பழக்கத்தையாவது மழலைகளிடம் தவிர்த்துவிடும்படி ஒவ்வொரு தாயிடமும் வேண்டிக் கேட்டுக்கொள்வேன்.

தூக்கமும் இப்படித்தான். மூன்று, நான்கு வயதில் பகல் தூக்கம் உட்படப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம் தேவை. தூக்கம் போதாத சிறுபிள்ளை பெரியவர்களைப்போல் சுருண்டு விழாமல் இன்னும் அதிகமாக ஓடும். இரவில் குறட்டை விட்டு, வாயால் மூச்சுவிடும் குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடி வெறித்துப் பார்த்து நின்று, தொட்டாலும் திரும்பாமல், பிறகு எதுவும் நடக்காததுபோல் தொடரும் குழந்தைக்கு ஒருவகை வலிப்பு இருக்கக்கூடும்; பகற்கனவில் இருக்கும் பிள்ளை தொட்டால் திரும்பிவிடும். வீட்டில் சண்டையும் அச்சமும் நிலவினாலும் குழந்தையின் கவனம் சிதறும். இதை எந்தப் பரிசோதனையும் காட்டாது, பொறுமையாக விசாரித்தால்தான் தெரியவரும். மழைக்காலம் முழுவதும் ஒற்றை அறைக்குள் அடைபட்டும், சிறுத்தை, கரடி நடமாட்டத்தால் மாலையில் முற்றத்துக்கு வர முடியாமலும் இருக்கும் பிள்ளைகளின் அமைதியின்மையை, வெயில் வந்து அவர்கள் சில வாரம் ஓடியாடிய பிறகு மறுபடி பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

பழியைத் தாயின் வளர்ப்பின் மேல் போடுவது வழக்கமாக இருப்பதால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: ஏ.டி.எச்.டி.யில் மரபுக்கூறின் பங்கு மிகப் பெரியது என்பதை இரட்டையர் ஆய்வுகள் திரும்பத் திரும்ப உறுதிசெய்திருக்கின்றன. குறைமாதப் பிறப்பும் குறைந்த பிறப்பு எடையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. இனிப்பு காரணமில்லை, சர்க்கரை குழந்தைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை என்று 1995-இலேயே ஒரு தொகுப்பாய்வு காட்டிவிட்டது.

சந்தேகம் வந்தால் முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். காலையில் இலை பறிக்கக் கிளம்பும் தாய் பகலில் குழந்தையைப் பார்ப்பதில்லை; டீச்சர் இரவில் பார்ப்பதில்லை. ஆகவே இருவரும் எழுத வேண்டும். "ரொம்பச் சேட்டை" என்று எழுதினால் பயனில்லை. "மதியச் சாப்பாட்டு வரிசையில் இரண்டு முறை முன்னால் நின்றவளைத் தள்ளினான், தட்டு கைக்கு வந்ததும் அமைதியாகச் சாப்பிட்டான்" என்று எழுதினால், காத்திருப்பதுதான் சிக்கல் என்று மருத்துவருக்குப் புரியும். 2013-இல் தொடங்கப்பட்ட ஆர்.பி.எஸ்.கே. என்னும் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரண்டு முறை பரிசோதிக்க வேண்டும். அது கவனிக்க வேண்டிய நிலைகளின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. குழு வரும் நாளில் அந்த நோட்டைக் காட்டினால், தேவைப்பட்டால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ ஏ.டி.எச்.டி.யை உறுதிசெய்யாது, விவரமான விசாரணையும் நேரடிக் கவனிப்பும்தான் வழி.

நான்கு, ஐந்து வயதில் முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, பெற்றோருக்கான பயிற்சி. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்பின் 2019 வழிகாட்டுதலும் இதையே முதலில் வைக்கிறது. அடுப்படியிலிருந்து "டேய், அங்க என்ன பண்ற, வா, கை கழுவு, தட்டை எடு" என்று ஒரே மூச்சில் சொன்னால், இந்தக் குழந்தைக்குக் கடைசிச் சொல் மட்டுமே எட்டும், சில நேரம் அதுவும் எட்டாது. அருகில் போய், தோளைத் தொட்டு, பெயர் சொல்லி அழைத்து, கண் பார்த்த பிறகு "கை கழுவிட்டு வா, சாமி" என்று ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். கழுவி வந்த அந்த நொடியிலேயே பாராட்ட வேண்டும், மாலையில் பாராட்டினால் எதற்கென்று அதற்குத் தெரியாது. சின்னச் சேட்டைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டு, ஆபத்தானவற்றுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எதிர்வினை காட்ட வேண்டும். அடி உதவாது, நிறுத்தும் திறனை அது வளர்ப்பதில்லை, அச்சத்தையே வளர்க்கிறது. இந்தப் பயிற்சிக்கு முடிவான நோய்ப்பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, எந்தக் குழந்தைக்கும் இதனால் கெடுதலில்லை. பயிற்சிக்குப் பிறகும் சிக்கல் கடுமையாக நீடித்தால் மட்டுமே மருந்தைப் பற்றி நிபுணர் யோசிப்பார். முதல் வகுப்பில் சேர்க்கும்போது அதே நோட்டைப் புதிய ஆசிரியரிடம் கொடுத்து, முன்வரிசையில் எந்தப் பக்கம் உட்காரவைத்தால் பிள்ளை நிலைக்கிறது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க விட வேண்டும் என்பதைச் சொல்லிவிடலாம்.